குறிஞ்சி பூக்கும் மலையில் நிலமற்றவர்கள்: மூணாறு செல்வோருக்கு ஒரு விளக்கம்

நீலக்குறிஞ்சி மூணாற்று மலைகளில் கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018ஆம் ஆண்டு. அதற்கு முன் 2006. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கின்படி அடுத்த பூப்பு 2030இல் வரும். அவ்வாண்டு தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அம்மலைக்குச் செல்வார்கள். கல்லூரி மாணவர்கள் குழுக்களாகச் செல்வார்கள். பூவுக்காகக் காத்திராமல் ஆண்டுதோறும் செல்வோரும் மிகப் பலர். அவர்களை அழைப்பவை மூன்று: மலையேற்றப் பாதைகள், தேயிலைத் தோட்டங்கள், வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத செடிகொடிகள்.

இம்மூன்றையும் விரிவாக விளக்கும் பயணக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பச்சைச் சரிவுகளை உருவாக்கியவர்கள் யார், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எந்த உரிமையோடு அங்கே வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு அக்குறிப்புகளில் இடமில்லை. மூணாற்றுத் தேயிலைத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் தலித்துகள். நான்கு, ஐந்து தலைமுறைகளாக அம்மலையில் உழைத்த பின்னும் அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. ஓய்வுக்குப் பின் வீடு இல்லை. பலருக்குச் சாதிச் சான்றிதழும் இல்லை. இந்த மூன்று இல்லாமைகளும் எவ்வாறு நேர்ந்தன என்பதை, பயணி காணும் மூன்று காட்சிகளின் வழியாகவே விளக்க முயல்கிறது இக்கட்டுரை.

மலையின் இயல்பு

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் என்பதால் மூணாறு எனப் பெயர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில் அமைந்தது. நகரமே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்தும் இவ்வுயரத்தால் ஆண்டு முழுவதும் குளிர்ச்சி நிலவுகிறது. குளிர்கால விடியலில் சில தாழ்வுகளில் உறைபனி படிகிறது.

இம்மலையின் இயற்கைத் தாவரவளம் இரண்டு அடுக்குகளால் ஆனது. மேட்டுச் சரிவுகளில் புல்வெளி. நீர் ஓடும் மடிப்புகளில் அடர்ந்த குட்டை மரங்களாலான சோலை. புல்வெளி மழைநீரை வாங்கி மெல்லக் கசியவிடுகிறது. சோலை அதைச் சேமித்து ஓடையாக்குகிறது. கிழக்கே தமிழ்நாட்டுக்கும் மேற்கே கேரளத்துக்கும் பாயும் பல ஆறுகளின் ஊற்றுக்கண் இந்த ஏற்பாடே. சோலை மரங்களில் ஆர்க்கிட் செடிகள் தொற்றி வளர்கின்றன. ஈரப்பாறைகளில் காசித்தும்பையின் காட்டு உறவுகள் பூக்கின்றன. உயர் விளிம்புகளில் செந்நிற மலர்களுடன் காட்டுப்பூவரசு நிற்கிறது. புல்வெளியின் சிறப்புக்குரிய செடிதான் நீலக்குறிஞ்சி. ஒரே காலத்தில் முளைத்த செடிகள் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒன்றாகப் பூத்து, விதையுதிர்த்து, ஒன்றாக மடிகின்றன. பழந்தமிழர் மலைசார்ந்த திணைக்கே குறிஞ்சி என்று பெயரிட்டதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

குறிஞ்சியையும் வரையாட்டையும் ஒருசேரக் காணத்தக்க இடம் இரவிகுளம் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இது 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அது வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் வேட்டைக்களம். அவர்கள் தமக்கென வேட்டைச் சங்கம் வைத்திருந்தார்கள். காட்டைக் காவல் காக்க முதுவர் பழங்குடியினரை அமர்த்தினார்கள். இன்று நாம் ‘கைபடாத இயற்கை’ என்று வியக்கும் நிலப்பரப்பு எஞ்சியதற்குத் துரைமார்களின் வேட்டை விருப்பமும் ஒரு காரணம். எஞ்சாத பகுதியின் கதையே தேயிலையின் கதை.

பச்சைச் சரிவு உருவான விதம்

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாற்றுச் சிற்றரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். கண்ணன், தேவன் என்பன வெள்ளையருக்கு வழிகாட்டிய முதுவர் தலைவர்களின் பெயர்கள் என்று வாய்மொழி வரலாறு சொல்கிறது. மலை கைமாறியபோது அங்கு வாழ்ந்த முதுவர்களின் இசைவை எவரும் கேட்கவில்லை. அவர்களுடைய பெயர் மட்டும் தேயிலைப் பொட்டலத்தில் தங்கிவிட்டது.

முதலில் சிங்கோனாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1880ஐ ஒட்டித் தேயிலை வந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது; அது பின்னர் ஜேம்ஸ் ஃபின்லே குழுமத்தின் கட்டுப்பாட்டில் வளர்ந்தது. 1960களில் டாட்டா கூட்டுச் சேர்ந்து, 1983இல் டாட்டா டீ ஆனது. 2005இல் தோட்டங்களின் நடைமுறை நிர்வாகம் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனத்திடம் சென்றது.

தேயிலைக்குக் காட்டைத் திருத்த ஆள் வேண்டும். அந்த ஆட்கள் கீழே சமவெளியிலிருந்து வந்தார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் பஞ்சமும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் சேர்ந்து நெரித்த பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்றனர். போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து செங்குத்தான மலைப்பாதையில் நடந்தே ஏறினார்கள். இன்று பயணிகள் படமெடுக்கும் ‘டாப் ஸ்டேஷன்’ என்ற பெயர், தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடப் பாதையின் மேல்முனையைக் குறித்தது. மூணாற்றிலிருந்து அம்முனை வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. பெட்டிகள் கம்பியில் இறங்கிய அதே சரிவில் மனிதர்கள் காலால் ஏறினார்கள்.

முன்பணம் கடனாயிற்று, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. கூலியிலிருந்து கங்காணிக்குப் பங்கு. பக்கத்து ஆனைமலையில் இதே முறை எத்தனை உயிர்களை விழுங்கியது என்பதை மருத்துவர் பி.எச். டேனியல் எழுதிய ஆங்கில நாவலும், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது பெற்ற தமிழ் வடிவமான ‘எரியும் பனிக்காடு’ம் வாசகருக்கு அறிமுகப்படுத்தின. மூணாற்றின் தொடக்ககால வரலாறும் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

ஊரில் சாதி வகுத்த சேரி மலையில் வேறு வடிவம் எடுத்தது. துரையின் பங்களா காட்சி விரியும் மேட்டில். எழுத்தர், மேற்பார்வையாளர் குடியிருப்பு இடையில். கூலிகளின் ‘லயம்’ எனப்பட்ட வரிசை வீடுகள் தோட்டத்தின் தாழ்வில். ஒரு கூரையின் கீழ் பல குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஒரு சமையலிடம், ஒரு சிறு திண்ணை. மேலதிகாரிப் பதவிகளில் ஆதிக்கச் சாதியினர். கொழுந்து பறிக்கும் வரிசையில் தலித் பெண்கள். தோட்டம் தொழிலிடமாக மட்டும் இருக்கவில்லை. சாதிப் படிநிலையை மலைச்சரிவில் வரைந்து காட்டிய வரைபடமாகவும் இருந்தது.

தேயிலைக்கு அழிந்தது சோலை மட்டுமன்று. கொழுந்தை உலர்த்த விறகு தேவை. அதற்காகப் புல்வெளிகளில் தைலமரம் நடப்பட்டது. அரசின் மரத் தோட்டங்களும் சேர்ந்தன. குறிஞ்சி வளரும் புல்வெளி இவ்வாறுதான் சுருங்கியது. ‘மக்கள்தொகை பெருகியதால் குறிஞ்சி அழிகிறது’ என்று கேட்கும்போதெல்லாம் இந்த வரலாற்றை நினைவில் நிறுத்த வேண்டும். எதை நடுவது என்று முடிவு செய்தது கூலி வாங்கியவர்கள் அல்லர்.

நிலச் சீர்திருத்தம் நின்றுபோன எல்லை

கேரளம் நிலச் சீர்திருத்தத்துக்குப் பெயர் பெற்ற மாநிலம். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் குத்தகை முறையை ஒழித்தன. நில உச்சவரம்பு விதித்தன. ஆனால் தேயிலை, காப்பி, இரப்பர், ஏலம் போன்ற தோட்டப் பயிர் நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. குத்தகை விவசாயி நில உரிமையாளரானார்; வயற்கூலிக்கு அதிகபட்சம் குடிசை இருந்த சில சென்ட் கிடைத்தது; தோட்டக்கூலிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நிலமற்றோரில் தலித்துகளும் பழங்குடியினருமே மிகுந்திருந்த மாநிலத்தில், மிகப் பெரிய நிலத்தொகுதிகள் சட்டத்தின் கைக்கு வெளியே நின்றன.

மூணாற்றில் இன்னொரு வாய்ப்பும் வந்தது. 1971இல் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம் நிறைவேறியது. தோட்டத்துக்குத் தேவையானவை போக எஞ்சியதைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவும் விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் வழங்கவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன்பின் நடந்த பகிர்வில் 57,000 ஏக்கருக்கும் மேலான நிலம் நிறுவனத்திடமே விடப்பட்டது. இரவிகுளம் பூங்காவும் இந்த மீட்பின் விளைவே. வரையாட்டுக்கு நிலம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. அரை நூற்றாண்டு கழித்தும் கொழுந்து பறித்தவருக்கு அது கிடைக்காததுதான் கேள்வி.

பின்னர் 2012இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தோட்ட நிலத்தில் 5 விழுக்காடு வரை மலர்ச் சாகுபடி, மூலிகை, பால்பண்ணை, சுற்றுலா விடுதி போன்றவற்றுக்குப் பயன்படுத்த இடமளித்தது. உச்சவரம்பு விலக்கின் அடிப்படையே ‘தோட்டத்தைத் துண்டாடக் கூடாது’ என்பதுதான். விடுதிக்காக அந்த விதி நெகிழ்ந்தது. தொழிலாளி வீட்டுமனைக்காக அதே அளவில் நெகிழவில்லை.

இதனால் விளைவது என்ன? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு வீடு தரும் கடமையை முதலாளிக்கு விதித்தது. கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறுபவர் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டை ஒப்படைத்தால்தான் பணிக்கொடை என்ற நடைமுறை தோட்டத் தொழிலாளரின் நெடுநாள் முறையீடு. வீட்டில் தங்கியிருக்க வேண்டுமானால் மகனோ மகளோ மருமகளோ தோட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பட்டப்படிப்பு முடித்த மகள் கொழுந்துக்கூடையைத் தூக்குவதற்குக் காரணம் பெற்றோரின் கூரையாக இருக்கலாம். பதினெட்டு வயதில் வேலையில் சேரும் ஒரு பெண் ஓய்வு பெறுவதற்குள் குறிஞ்சி மூன்று முறையாவது பூத்து ஓயும். மூன்று பூப்புகளைக் கண்டவருக்கு அம்மலையில் ஒரு சென்ட் நிலம் சேர்வதில்லை.

2015: பெண்கள் சாலைக்கு வந்தபோது

2015 செப்டம்பரில் மூணாற்றுக்குச் சுற்றுலா சென்றவர்கள் ஊருக்குள் நுழைய முடியவில்லை. போனஸை நிறுவனம் 10 விழுக்காடாகக் குறைத்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்துவிட்டார்கள். அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை.

அப்போராட்டத்தின் தனித்தன்மை அதன் வடிவத்தில் இருந்தது. ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்ட அவர்கள், பல்லாண்டுகளாகத் தங்கள் பெயரில் பேச்சுவார்த்தை நடத்திவந்த பெரிய தொழிற்சங்கங்களை ஒதுக்கி வைத்தார்கள். இடதுசாரி, காங்கிரஸ் என்ற வேறுபாடின்றிச் சங்கத் தலைவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தங்களோடு வந்து அமர்ந்த வி.எஸ். அச்சுதானந்தனை மட்டும் ஏற்றார்கள். ஒன்பது நாள் மறியலுக்குப் பின், 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு பெற்றார்கள். அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கேட்டது 500, கிடைத்தது 301. ஆயினும் மாநிலம் முழுவதிலும் தோட்டத் தொழிலாளருக்கு அந்த உயர்வு சென்றது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 2005க்குப் பின் இந்நிறுவனம் தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் என்று புகழப்பட்டது. பங்குப் பத்திரம் கையில் வைத்திருந்த பெண்கள்தான் தங்கள் நிறுவனத்தை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தார்கள். முடிவெடுக்கும் மேசையில் இடமில்லாத பங்கு எவ்வளவு பெறும் என்பதை அவர்கள் அன்றைய போனஸ் அறிவிப்பில் கண்டுகொண்டார்கள். சங்கத்தில் சந்தா செலுத்தியும் தலைமையில் இடமில்லாமல் இருந்ததும் அதே அனுபவம். வர்க்க அமைப்பு என்ற பெயரில் சாதியும் பாலினமும் பேசப்படாமல் விடப்பட்டதற்கு எதிரான குரலாகவும் அப்போராட்டத்தைப் படிக்க வேண்டும்.

இரு மாநிலங்களுக்கு இடையில் தொலைந்த சான்றிதழ்

மூணாற்றுத் தமிழ்த் தலித்துகளின் மூன்றாவது இல்லாமையை வெளியூரார் அறிவது அரிது. அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலம் சார்ந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அத்தகுதியைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டின் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியான 1950ஆம் ஆண்டே இதற்கான வரம்பு. அதற்கு முன்பே குடும்பம் கேரளப் பகுதியில் வாழ்ந்ததை நிறுவினால்தான் கேரளத்தில் சான்றிதழ்.

பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகியோர் கேரளப் பட்டியலிலும் உண்டு. ஆகவே பெயர் இல்லாதது சிக்கல் அன்று; தாள் இல்லாததுதான் சிக்கல். சொந்த நிலம் இருந்திருந்தால் பத்திரம் இருக்கும். சொந்த வீடு இருந்திருந்தால் வரி இரசீது இருக்கும். லயத்தில் பிறந்து லயத்தில் மறைந்த கொள்ளுப்பாட்டி 1950க்கு முன் அங்கே இருந்தார் என்பதற்குத் தோட்டத்தின் பழைய பதிவேட்டை விட்டால் சான்று ஏது? அப்பதிவேடு நிர்வாகத்தின் கையில். தமிழ்நாட்டிடம் போனால், நீங்கள் கேரளத்தில் வாழ்பவர்கள் என்ற பதில். நிலமின்மை இவ்வாறு சான்றின்மையைப் பெறுகிறது. சான்றின்மை கல்வி உதவித்தொகையையும் இடஒதுக்கீட்டையும் மறுக்கிறது. அவை இல்லாதபோது பிள்ளை மீண்டும் தோட்டத்துக்கோ திருப்பூர்ப் பின்னலாடை ஆலைக்கோ போகிறது.

கிறித்தவத்தைத் தழுவிய தலித்துகளின் நிலை இன்னும் கடினம். அவர்கள் எம்மாநிலத்திலும் பட்டியல் சாதித் தகுதி பெற முடியாது. இச்சிக்கல்கள் மக்கள் பிரதிநிதியையும் விட்டுவைக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியான தேவிகுளத்தில் 2021இல் வென்ற ஆ. ராஜாவின் தேர்தலை, அவர் கேரளத்தின் இந்துப் பறையர் பிரிவினர் அல்லர் என்று கூறிக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாததாக்கியது. 2025இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவருடைய வெற்றியை உறுதி செய்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் தம் குடும்பத்தின் குடியேற்றத்தையும் மதத்தையும் சாதியையும் நிறுவ உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்று கேட்டு வட்ட அலுவலக வாசலில் நிற்கும் பதினேழு வயது மாணவியின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இப்பகுதித் தமிழ்த் தலித்துகளின் வாழ்வை ஆழமாக ஆராய்ந்த நூல்களுள் ஜெயசீலன் ராஜ் எழுதி 2022இல் வெளியான ‘பிளான்டேஷன் கிரைசிஸ்’ முதன்மையானது. தேயிலை நெருக்கடி வெறும் விலைவீழ்ச்சியாக முடியாமல், சாதி இழிவை எவ்வாறு மீண்டும் கூர்மையாக்கியது என்பதை அந்நூல் விளக்குகிறது. மாணவர்கள் அதைப் படித்த பின் மலையேறுவது நல்லது.

இரண்டு பேரிடர்கள்

மலையேற்ற விரும்பிகள் கொழுக்குமலையை அறிவார்கள். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அத்தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே ஜீப் செல்கிறது. கால்நடையாகச் செல்வோர் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து ஏறுவர். 2018 மார்ச் 11 அன்று அப்பாதையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். இறந்தவர் எண்ணிக்கை 23 ஆயிற்று. மீட்புக்கு முதலில் ஓடியவர்கள் சுற்றுவட்டார மக்கள். அவ்விபத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் இணையவழி முன்பதிவுடன் 40 பாதைகளைத் திறந்தது. ஒரு பேரிடர் விதிகளை மாற்றியது. அது சரியே.

இரண்டாவது பேரிடர் 2020 ஆகஸ்டு 6 இரவில் நேர்ந்தது. இரவிகுளம் பூங்காவின் நுழைவாயிலான ராஜமலையைத் தாண்டிச் சென்றால் பெட்டிமுடி. பெருமழையில் மேலிருந்த மலை சரிந்து, அங்கிருந்த லயங்களை உறங்கிக்கொண்டிருந்த மக்களோடு புதைத்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேர். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்திருந்ததால் வெளியுலகம் மறுநாள் காலையில்தான் அறிந்தது. ஆகஸ்டு 7 மாலை கோழிக்கோட்டில் விமான விபத்து நிகழ்ந்தது. விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 இலட்சம். ஒரே அரசு, ஒரே வாரம், இரு விலைகள். தப்பிப் பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார்வேலியில் வீடு கட்டித் தரப்பட்டது.

இதை இயற்கையின் சீற்றம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. லயம் எங்கே அமைய வேண்டும் என்பதை அதில் வாழ்பவர் முடிவு செய்வதில்லை. ஓடை மடிப்பை ஒட்டிய தாழ்வில் வாழ வேண்டாம் என்று நினைத்தாலும் வேறு மனை அவருக்கு இல்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த பிரிவு, நிறுவனம் தந்த வீடு இடிந்து தொழிலாளி இறந்தால் முதலாளியைப் பொறுப்பாக்கியது; இடிந்ததற்கு இயற்கைப் பேரிடர் மட்டுமே காரணம் என்றால் அப்பொறுப்பு இருக்கவில்லை. இடத்தைத் தேர்ந்தவரின் பொறுப்பைக் கேட்க அங்கே வழியிருக்கவில்லை. வயநாட்டில் 2019இல் புத்துமலை, 2024இல் முண்டக்கை, சூரல்மலை ஆகிய இடங்களில் நேர்ந்த நிலச்சரிவுகளிலும் தோட்டக் குடியிருப்புகள் சிக்கின. குரங்கணிக்குப் பின் பயணிகளுக்கு விதிகள் வந்ததுபோல், பெட்டிமுடிக்குப் பின் லயவாசிகள் அனைவருக்கும் பாதுகாப்பான மனை என்ற விதி வரவில்லை.

சுற்றுலா யாருக்கு வாழ்வு தருகிறது?

தேயிலை சரிந்தால் சுற்றுலா காக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சுற்றுலா வருமானத்தில் பெரும்பங்கு நிலமும் முதலும் உடையவரைச் சேர்கிறது. தங்கும் விடுதி நடத்த மனை வேண்டும். வீட்டையே விருந்தினர் இல்லமாக்க வீடு சொந்தமாக இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்கு ஈடு வேண்டும். லயத்துக் குடும்பத்திடம் இம்மூன்றும் இல்லை. துரை பங்களாக்களில் சில ‘பாரம்பரிய விடுதி’களாகிப் பல்லாயிரம் ரூபாய் வாடகை பெறுகின்றன. லயத்து இளைஞர் அங்கே அறை துடைக்கிறார், ஜீப் ஓட்டுகிறார், சாலையோரம் சோளம் சுடுகிறார். 2007இல் மூணாற்று ஆக்கிரமிப்புகளை அகற்ற அரசு எடுத்த நடவடிக்கை இந்தியா முழுவதும் பேசப்பட்டது. சில கட்டடங்கள் இடிந்தன. பின் நடவடிக்கை ஓய்ந்தது. ஆக்கிரமித்தவர்கள் மலையில் தங்கினார்கள். ஆக்கிரமிக்காமல் உழைத்தவர்கள் இன்னும் மனைக்கு மனுப் போடுகிறார்கள்.

மூணாற்றுக்கு அப்பால் வட்டவடை இருக்கிறது. பூண்டும் காய்கறியும் விளையும் அழகிய படிக்கட்டு வயல்களைக் காணப் பயணிகள் செல்கிறார்கள். அருகே 2006இல் அறிவிக்கப்பட்ட 32 சதுர கிலோமீட்டர் குறிஞ்சிமலைச் சரணாலயம். அதே வட்டவடையில் சக்கிலியர் சமூகத்தினருக்கு முடிதிருத்தகங்களில் முடி வெட்ட மறுத்த கொடுமை 2020இல் வெளிவந்தது. ஊராட்சி தலையிட்டு, எல்லோருக்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. கேரளத்தில் தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று நம்புவோர் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒழிந்த வழக்கத்துக்கு எதிராக எவரும் 2020இல் கடை திறக்க மாட்டார்கள்.

செல்வோர் செய்யத்தக்கவை

மூணாற்றுக்குப் போகவேண்டாம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. மலையைக் காணும் உரிமை தலித் மாணவருக்கும் உண்டு. நம் மூதாதையர் திருத்திய மலை அது. எவ்வாறு செல்வது என்பதே பொருள்.

வரையாடு ஈனும் பருவமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் மூடப்படும். பயணத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். ஆனைமுடி உச்சிக்குப் பொதுமக்கள் இயல்பாகச் செல்ல முடியாது. மீசைப்புலிமலை போன்ற உயரங்களுக்கு வனத்துறை சார்ந்த ஏற்பாட்டில், வழிகாட்டியுடன் மட்டும் செல்லுங்கள். கோடையில் காய்ந்த புல்வெளியில் அனுமதியின்றி நடப்பது குரங்கணியை மறப்பதாகும். குறிஞ்சியைப் பறிக்காதீர்கள், விதைக்கு முன் பறித்த ஒவ்வொரு கொத்தும் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் பூக்கவேண்டியதைக் குறைக்கிறது.

கொழுந்து பறிப்பவரைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம். அவர் நிறுத்திப் பேசும் நேரம் அவருடைய எடைக்கணக்கில் குறையும் என்பதை மறவாதீர்கள். லயங்கள் காட்சிப்பொருள் அல்ல, அழைக்காமல் நுழையாதீர்கள். உள்ளூர்த் தொழிலாளர் குடும்பத்தினர் நடத்தும் உணவகத்தில் உண்ணுங்கள், அவர்கள் ஓட்டும் வண்டியில் செல்லுங்கள். ராஜமலையில் வரையாட்டைப் பார்த்துத் திரும்பும்போது, அதே வழியில் சற்று அப்பால் பெட்டிமுடி இருப்பதைக் குழுவினருக்குச் சொல்லுங்கள்.

செயற்பாட்டாளர்களுக்கு வேலை இன்னும் உண்டு. தோட்டங்களின் பழைய ஆள்பதிவேடுகளை 1950க்கு முந்தைய குடியிருப்புச் சான்றாக வருவாய்த்துறை தானே முன்வந்து ஏற்க வேண்டும். அப்பதிவேடுகளை அரசு கேட்டுப் பெற்று, ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் இதில் கூட்டு முடிவு எடுக்க வேண்டும். இரு மாநிலங்களும் ஆறுகளின் நீருக்காகப் பேசுவதுபோல் இம்மக்களுக்காகவும் பேசலாம். ஓய்வுபெறும் ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்துக்கும் நிலச்சரிவு அபாயமற்ற இடத்தில், பெண்ணின் பெயரில் மனைப்பட்டா வேண்டும். விடுதிக்கு 5 விழுக்காடு ஒதுக்கத் தெரிந்த சட்டமன்றத்துக்கு இதற்கும் வழி தெரியும்.

2030க்கு அதிக ஆண்டுகள் இல்லை. குறிஞ்சிக்காக அரசுகள் சாலை அமைக்கும், சீட்டு அச்சிடும், சிறப்புப் பேருந்து விடும். அந்த ஏற்பாடுகள் பற்றிய கூட்டங்கள் தொடங்குமுன், மூணாற்றுத் தொழிலாளரின் மனைக் கோரிக்கையும் சான்றிதழ்க் கோரிக்கையும் அதே மேசைக்கு வந்து சேரவேண்டும்.